அருவருப்பும் இளிவரலும்

கொட்டாஞ்சேனையிலிருந்து மாணவி ஒருவர் எமக்கு எழுதியுள்ளார். தமது கட்டுரையில் 'அருவருப்பு' என்று எழுதியதைத் தோழி ஒருத்தி 'அருவெறுப்பு' என்று திருத்தினாளாம். வெறுப்பின் முதிர்ந்த நிலையைக் குறிக்கும் சொல்லுக்குள் வெறுப்பு என்னும் சொல் இருக்கத்தானே வேண்டும் என்பது தோழியின் வாதம். இருவருள் யார் சொல்வது சரி, இச்சொல்லின் பிறப்பு யாது என்று வினவுகின்றார்.

மாணவி எழுதியதே சரியானது. அருவரு என்பது வினைப்பகுதி. சிரி என்பதிலிருந்து சிரிப்பும், நடி என்பதிலிருந்து நடிப்பும் பிறந்தவாறே அருவரு என்பதிலிருந்து அருவருப்புப் பிறந்தது. அருவருத்தான், அருவருக்கின்றான், அருவருப்பான் என்று வினையாக்கிச் சொல்லிப் பார்த்தால் ஐயம் தீரும். தோழி செய்தது ஒன்றும் பெருங்குற்றமன்று. பொருள் விளங்காத ஒலி செவியில் விழுந்தால், பக்கத்தில் நிற்கும் தெரிந்த சொல்லொன்றை அதன்மேல் போர்த்திவிடுவது மக்கள் வழக்கு. எல்லா மொழிகளிலும் இது நிகழ்கின்றது. ஆனால் அரு என்பதையும் வெறுப்பு என்பதையும் கூட்டினால் 'அரிய வெறுப்பு' என்றல்லவா பொருள்படும்? நண்பகல் வெயிலில் வெள்ளவத்தைக் கால்வாய்ப் பாலத்தைக் கடந்து சென்ற எவரும் அங்கே தமக்கு உண்டான உணர்ச்சியை அரிய உணர்ச்சி என்று சொல்லத் துணியார்.

வெறுப்புக்கும் அருவருப்புக்கும் உறவு உண்டு என்று எண்ணுவதுகூடச் சற்று ஆராயத்தக்கது. வெறுப்பு என்னும் சொல்லின் பழைய வாழ்வு வியப்பானது. தொல்காப்பியர் உரியியலில் அச்சொல்லுக்குச் செறிவு என்று பொருள் கூறுகின்றார். அடர்ந்து நிறைந்திருத்தல் என்பதே கருத்து. அதே வேரிலிருந்து வந்த 'வெறுக்கை' என்பதற்குச் செல்வம் என்று பொருள். ஊக்கமுடைமை, பெருமை ஆகிய அதிகாரங்களில் வள்ளுவர் அச்சொல்லை நல்ல பொருளிலேயே ஆளுகின்றார். இன்று ஒருவரைப் பார்த்து 'உமக்கு வெறுக்கை பெருகுக' என்று வாழ்த்தினால் அவர் நம்மோடு பேசுவதை நிறுத்திவிடுவார். நிறைவைக் குறித்த சொல் எவ்வாறு பகையைக் குறிக்க வந்தது? நிறைந்தது மிகுந்து, மிகுந்தது தெவிட்டி, தெவிட்டியது வேண்டாததாயிற்று என்று கொள்வது எமக்குப் பொருத்தமாகத் தோன்றுகின்றது. விருந்து வீட்டில் நான்காம் முறை பாயசம் ஊற்ற வருபவரை நாம் பார்க்கும் பார்வையே இதற்குச் சான்று.

இனி, பொருளளவில் இரண்டும் வேறு. பகைவனை வெறுக்கின்றோம், ஆயினும் அவனை அணுகி நின்று வாதிடவும் கைகலக்கவும் முற்படுகின்றோம். கரப்பான் பூச்சியை யாரும் பகைவனாகக் கருதுவதில்லை. ஆனால் அது தோளில் ஏறினால் அலறி ஓடுகின்றோம். வெறுப்பு எதிர்த்து நிற்கும். அருவருப்புக்கோ விலகி ஓடுவதே இயல்பு.

விலக்க வேண்டியதை முதலில் அறிவிப்பது நாக்கு. ஆகவே இவ்வுணர்ச்சியைச் சொல்லும் தமிழ்ச் சொற்களுட் பல நாவிலிருந்தே கிளம்பின. வாழ்வு கசந்தது என்கின்றோம். கைத்தல் என்பது கசத்தலையும் வெறுத்தலையும் ஒருங்கே குறிக்கும். உவர்த்தல் உப்புக் கரித்தலாகவும் மனம் சலித்தலாகவும் நிற்கும். கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன பேச்சு என்பதும் இவ்வினமே. வடமொழி வழியே வந்த 'அரோசகம்' இன்னுந் தெளிவானது. ருசி என்பதன் உறவாகிய அச்சொல்லுக்குச் சுவையின்மை என்று பொருள். வைத்திய நூல்களில் அது உணவில் விருப்பற்றுப்போகும் ஒரு நோயின் பெயர். 'டிஸ்கஸ்ட்' என்னும் ஆங்கிலச் சொல்லை உடைத்துப் பார்த்தாலும் இதுவே கிடைக்கும். பிரெஞ்சு வழி வந்த அச்சொல்லின் பின்பாதி, சுவை என்று பொருள்படும் இலத்தீன் சொல். முன்பாதி அதனை மறுப்பது. அரோசகமும் டிஸ்கஸ்டும் தனித்தனியே பிறந்தும் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கின்றன.

கொழும்பில் வாழ்வோருக்கு மற்றொரு சொல்லும் காதில் விழுந்திருக்கும். காலி வீதிப் பஸ்வண்டியில் பக்கத்திலிருக்கும் சிங்களப் பெண்மணி எதையோ கண்டு முகத்தைத் திருப்பி 'பிளிக்குல்' என்று கூறினால், நமக்குத் தொடர்பில்லாத சொல் என்று எண்ணிவிடக் கூடாது. அது பாளியில் 'படிகூல' என்றும் வடமொழியில் 'பிரதிகூல' என்றும் வழங்குவது. நம் பெரியவர்கள் காரியம் அனுகூலமா பிரதிகூலமா என்று சோதிடரிடம் கேட்கும் அதே பிரதிகூலந்தான்! கூலம் என்பது ஆற்றின் கரை. கரையை ஒட்டிப் போவது அனுகூலம். கரைக்கு எதிராய் மோதுவது பிரதிகூலம். தமிழில் அச்சொல் வழக்குமன்றத்துக்கும் சோதிடத்துக்கும் போயிற்று. சிங்களத்திலோ மூக்குக்கும் வயிற்றுக்கும் வந்து சேர்ந்தது. பௌத்த துறவிகளிடையே 'பிளிக்குல் பாவனா' என்றொரு தியானப் பயிற்சி உண்டு. மயிர், நகம், பல், தோல் என்று உடம்பின் 32 கூறுகளை ஒவ்வொன்றாக நினைந்து, உடலின்மேலுள்ள மயக்கத்தை நீக்குவது அதன் நோக்கம். அங்கே அருவருப்புப் பிறர்மேல் ஏவப்படுவதன்று. தன் உடம்பின்மேலேயே ஏவப்படுகின்றது. இதனை நேயர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகின்றோம்.

பரத முனிவர் நாட்டிய சாத்திரத்தில் இவ்வுணர்ச்சிக்கு இட்ட பெயர் ஜுகுப்ஸை. அதிலிருந்து விளையும் சுவை பீபத்ஸம்; அதற்கு நிறம் நீலம், தெய்வம் மகாகாலர். ஜுகுப்ஸை என்பது காத்தல் என்று பொருள்படும் வேரிலிருந்து வந்தது. தன்னைக் காத்துக்கொள்ள விரும்புதல் என்று விரித்துரைக்கலாம். இலண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியில் பணிபுரிந்த வல் கேட்டிஸ் என்னும் அம்மையார் பல நாட்டு மக்களையும் ஆராய்ந்து, நோய் தொற்றாமல் மனிதனைக் காக்கும் அரணே அருவருப்பு என்று 2013ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் விளக்கினார். வடமொழி வேர் அதனைப் பன்னூறு ஆண்டுகட்கு முன்னரே சொல்லாமற் சொல்லிவிட்டது.

நாவுக்கு அடுத்தது தொண்டை. ஓங்காளம், குமட்டல் என்னும் சொற்களை வாய்விட்டுச் சொல்லும்போதே தொண்டை ஒருமுறை அசைகின்றது. யாழ்ப்பாணத்தார் 'வயித்தைப் பிரட்டுது' என்பர். சத்தி என்று அவர்கள் கூறுவதும் வாந்தி என்று மற்றையோர் கூறுவதும் இரண்டும் வடமொழிச் சொற்களே. 'சீ', 'தூ' என்பனவற்றைச் சொல் என்பதா, துப்பலின் ஓசை என்பதா என்று இலக்கணக்காரர் முடிவுசெய்யட்டும்.

அரியண்டம் என்ற சொல்லை இங்கே மறந்தால் வடபகுதி நேயர்கள் எம்மை மன்னியார். 'இதென்ன அரியண்டம்!' என்று ஒரு பாட்டி சொல்லும்போது அதில் அழுக்கும் இருக்கும், தொல்லையும் இருக்கும், சகிக்க முடியாமையும் இருக்கும். முற்றத்துச் சேறும் அரியண்டம், ஓயாது அழும் குழந்தையும் அரியண்டம், அழையாது வந்து தங்கிவிட்ட உறவினரும் அரியண்டம். ஊத்தை என்பது பொருளைச் சுட்டும் சொல். அரியண்டமோ பொருளையும் ஆளையும் ஒரே வீச்சிற் சுட்டும். இச்சொல்லில் எமக்குள்ள சிறு அச்சமும் அதுவே. அதற்குப் பின்னர் வருவோம்.

சொற்கள் காலப்போக்கில் அழுக்கேறுவதும் உண்டு. நாற்றம் என்பது முன்னாளில் நறுமணத்தையே குறித்தது. வள்ளுவர் காமத்துப்பாலில் மொட்டுக்குள் அடங்கிய மணத்தை அச்சொல்லாற் குறிக்கின்றார். இன்று பூக்கடையில் நின்று அச்சொல்லை உச்சரித்துப் பார்க்க எவரையும் நாம் தூண்டமாட்டோம். யாழ்ப்பாணப் பேச்சில் 'மணக்குது' என்பதும் பல வேளைகளில் அதே படுகுழியில் விழுந்துவிட்டது. ஆபாசம் என்பதற்கு வடமொழியில் தோற்றம், போலித் தோற்றம் என்பனவே பொருள். தமிழில் அது அடைந்த கதியை எல்லோரும் அறிவர்.

ஒருவருக்கு நாறுவது மற்றவருக்கு மணக்கும் என்பதற்குக் கொழும்பில் சான்று தேட வேண்டியதில்லை. கருவாட்டுக் கடைக்கு முன்னே ஒருவர் நாவூறி நிற்க, மற்றவர் மூக்கைப் பொத்தி ஓடுகின்றார். தூரியன் பழக் காலத்தில் ஒரே குடும்பம் இரு கட்சியாகப் பிரிந்துவிடும். இவ்வகையில் சார்ள்ஸ் டார்வின் 1872ஆம் ஆண்டு வெளியிட்ட, மனிதரும் விலங்குகளும் உணர்ச்சிகளை வெளிப்படுத்தும் முறை பற்றிய நூலில் ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடுகின்றார். தென்னமெரிக்காவின் தென்கோடியாகிய தியரா டெல் புவேகோவில் அவர் பதனிட்ட குளிர்ந்த இறைச்சியை உண்டுகொண்டிருந்தபோது, அந்நாட்டான் ஒருவன் அதனை விரலாற் தொட்டுப் பார்த்து, அதன் மென்மையைக் கண்டு அருவருத்தானாம். டார்வினோ, ஆடையற்ற ஒருவன் தம் உணவைத் தொட்டுவிட்டானே என்று அருவருத்தாராம். அவனுடைய கை அழுக்காகத் தோன்றவில்லை என்பதையும் அவரே எழுதி வைத்திருக்கின்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே டார்வினைப் பாராட்ட வேண்டும். அவன் அருவருத்தது உணவை. இவர் அருவருத்தது ஆளை. கையில் அழுக்கில்லை என்று கண் சொல்லியும் மனம் கேட்கவில்லை. மனம் கேட்பதில்லை என்பதை 1986ஆம் ஆண்டு பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்துப் போல் ரொசின் என்பவரும் அவருடன் பணிசெய்தோரும் சோதனை மூலம் காட்டினார்கள். கிருமி முற்றாக நீக்கப்பட்ட இறந்த கரப்பான் பூச்சியொன்றைப் பழரசத்தில் ஒருமுறை தோய்த்து எடுத்தார்கள். தீங்கு ஏதும் இல்லை என்று அறிந்திருந்தும், அப்பழரசத்தை விரும்புவார் அரிதாயினர். கிருமி போய்விட்டது, தீட்டுப் போகவில்லை. தீட்டு என்று நாம் எழுதியது வேண்டுமென்றேதான்.

உணவிலிருந்து செயலுக்கும், செயலிலிருந்து ஆளுக்கும் இச்சொல் எவ்வாறு ஏறிச் செல்கின்றது என்பதைக் கொட்டாஞ்சேனைக் கிறிஸ்தவ நேயர்கள் தங்கள் வேதாகமத்திலேயே காணலாம். லேவியராகமத்தில் உண்ணத்தகாத உயிர்களைக் குறிக்கவும், நீதிமொழிகளில் பொய் நாவு, மேட்டிமையான கண் முதலிய தீமைகளைக் குறிக்கவும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அருவருப்பு என்ற ஒரே சொல் நிற்கின்றது. எபிரேய மூலத்தில் முன்னது 'ஷெகெட்ஸ்', பின்னது 'தோஏபா'. இரண்டு வெவ்வேறு சொற்கள். இவ்விரண்டையும் ஒன்றாக்கிய மொழிபெயர்ப்பாளரைக் குறைகூற நாம் வரவில்லை. பொய்யைக் கண்டு வயிறு பிரட்டினால் நல்லதே.

ஆனால் பழந்தமிழர் இவ்வுணர்ச்சிக்கு வேறொரு சொல்லை வைத்திருந்தனர். தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளுள் மூன்றாவதாக வருவது இளிவரல். பிற்காலத் தண்டியலங்காரம் அதனிடத்தில் இழிப்பு என்று கூறும். வடநூலாரின் ஜுகுப்ஸைக்கு நேரானது என்று இதனை ஆசிரியர்கள் பாடஞ்சொல்வதுண்டு. நேரானதுதான், ஆயினும் அது தோன்றும் இடங்களைப் பார்த்தால் நாம் சற்றே திகைத்து நிற்கின்றோம். பிணமும் புழுவும் சீழும் அங்கே இல்லை. மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்னும் நான்கிலிருந்து இளிவரல் பிறக்கும் என்பது தொல்காப்பியர் கூற்று. தன்னிடத்தும் பிறரிடத்தும் இவை தோன்றலாம் என்பர் உரையாசிரியர். மென்மை என்றது இங்கே வலியின்மை, எளியனாதல். மனிதன் தாழ்ந்துபோகும் இடங்கள் இவை. ஆகவே இளிவரல் அழுக்கைக் கண்டு பிறப்பதன்று. மனிதநிலை இழிவதைக் கண்டு பிறப்பது. மானம் என்னும் அதிகாரத்தின் முடிவில் வள்ளுவர் இச்சொல்லை வைத்திருப்பது தற்செயலன்று.

புறநானூற்று 74ஆம் பாட்டின் பின்னணியை மாணவர் அறிவர். சேரமான் கணைக்கால் இரும்பொறை சோழன் செங்கணானோடு பொருது தோற்றுக் குடவாயிற் கோட்டத்துச் சிறையில் இருந்தான். தாகத்தால் தண்ணீர் கேட்டான், உடனே கிடைக்கவில்லை. காலந்தாழ்த்திக் கொடுத்தார்கள். கையில் வாங்கியவன் குடியாமல் ஒரு பாட்டைச் சொல்லி உயிர்விட்டான் என்று பழங்குறிப்புக் கூறுகின்றது. அந்தத் தண்ணீர் கலங்கலாக இருந்தது என்று எவரும் எழுதவில்லை. நல்ல தண்ணீரே ஆயினும் தொண்டை ஏற்க மறுத்தது. இரந்து பெற்ற விதம் அதனுட் கலந்திருந்தது. அருவருப்பு என்று இதனைச் சொல்ல நா எழவில்லை. இளிவரல் என்னும் சொல் இதற்காகவே பிறந்தது போலும்.

தண்ணீர்க் கோப்பையோடு நின்ற அரசனை விட்டு, தேநீர்க் கோப்பை கிடைக்காமல் நின்றவர்களிடம் வருவோம். யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகள் பலவற்றில் தாழ்த்தப்பட்ட மக்கள் உள்ளே அமர முடியாது வெளியில் நின்று, தனியாக வைத்த போத்தலிலோ தகரப் பேணியிலோ வாங்கிக் குடித்த காலம் வெகு தூரத்தில் இல்லை. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் இதனைக் குற்றமாக்கிற்று. சட்டம் வந்த பின்னும் கடைகள் திறக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் புறப்பட்டது. தேநீர்க் கடைகளிலும் கோயில்களிலும் நுழையும் போராட்டங்கள் தொடர்ந்தன. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயில் நாடறிந்த களமாயிற்று. டொமினிக் ஜீவாவின் 'தண்ணீரும் கண்ணீரும்' 1960இலும், கே. டானியலின் 'பஞ்சமர்' 1972இலும் வெளிவந்தன.

அந்தக் கடை மேசையைச் சிறிது கூர்ந்து பார்த்தால் நம் இரண்டு சொற்களும் அதன் இரு புறத்திலும் நிற்பதைக் காணலாம். பேணியைத் தொடாமல் மேலிருந்து ஊற்றியவனுக்கு இருந்தது அருவருப்பு. அதனைக் கையில் ஏந்தியவனுக்கு உண்டானது இளிவரல். தேநீர் ஒன்றே, பானையும் ஒன்றே. ஊற்றியவனுடைய அருவருப்புக்குச் சான்று எதுவும் இல்லை, டார்வினுக்கு இல்லாதது போலவே. ஏந்தியவனுடைய இளிவரலுக்கோ தொல்காப்பியரே சான்று.

இது வடக்கின் பழங்கதை என்று கொழும்பில் வாழும் நாம் கைகழுவிவிட முடியாது. நவீன சாதனங்கள் எல்லாம் நிறைந்த நம்மவர் வீட்டுச் சமையலறைகளிலும், பணிப்பெண்ணின் கோப்பை தனியாக, கழுவுதொட்டிக்குக் கீழே கவிழ்த்து வைக்கப்பட்டிருப்பதை நாம் கண்டிருக்கின்றோம். சுகாதாரத்திற்காக என்பர். வீட்டார் எல்லோருக்கும் சமைப்பதும் பரிமாறுவதும் அதே கைகளே என்பதை அங்கே எடுத்துரைத்தால் நாமும் அரியண்டமாகிவிடுவோம். விடியற்காலையில் குப்பை அள்ள வரும் தொழிலாளியைக் காட்டி, 'கிட்டப் போகாதே, அரியண்டம்' என்று பிள்ளையை இழுக்கும் தாயார் குப்பையைத்தான் சொல்கின்றாரா, ஆளைத்தான் சொல்கின்றாரா? ஐந்து வயதுப் பிள்ளைக்கு அந்த வேறுபாடு எவ்வாறு விளங்கும்? பொருளுக்கும் ஆளுக்கும் ஒரே சொல்லாக நிற்கும் அரியண்டத்தைப் பற்றி நாம் அச்சம் என்று முன்னர் கூறியது இதனையே. 'குப்பை அரியண்டம், கையைக் கழுவு' என்று ஒரு சொல்லைக் கூட்டிச் சொன்னால் தீர்ந்துவிடும் காரியம்.

இளிவரல் இன்று ஏட்டோடு நின்றுவிட்டது. பேச்சில் எவரும் அதனை வழங்குவதில்லை. பரீட்சைக்கு எட்டு மெய்ப்பாடுகளை ஒப்புவிக்கும் மாணவருங்கூட அதனை அருவருப்பு என்று ஒரு சொல்லில் மொழிந்து நகர்ந்துவிடுகின்றனர். அப்படி எழுதினால் புள்ளி கிடைக்கலாம். பாதிப் பொருள் போய்விடும். தாழ்த்தப்பட்டு நிற்பவன் தன் உணர்ச்சியைச் சொல்ல இப்போது எடுப்பது 'கேவலமாய்ப் போச்சு' என்பதையே. அந்தக் கேவலம் என்ற சொல்லோ, தனித்தது, கலப்பற்றது என்ற பொருளோடு வந்து, சமண நூல்களில் முழுதுணர்ந்த ஞானத்துக்கே பெயராக இருந்தது. அது எவ்வாறு இந்த நிலைக்கு இறங்கிற்று என்பதை வேறொரு ஞாயிற்றுக்கிழமை பார்ப்போம்.